நாலரை மாதக் குழந்தையின் நெஞ்சில் கட்டி என்கிறார்கள், சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கணவரின் வேலைக்காக டர்பன் வந்து மூன்று வருடம் ஆகிறது, சாட்ஸ்வொர்த்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகன் இங்கேதான் பிறந்தான், இப்போது நாலரை மாதம். பிறந்தபோது 3.1 கிலோ, இப்போது 6.9 கிலோ, தாய்ப்பால் மட்டும்தான். போன வாரம் சளி, இருமல், ஒரு நாள் லேசான காய்ச்சல். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படுக்கவைத்து எடுக்கும்போது ஒரே அழுகை, அவன் அப்பா பிடித்துக்கொண்டிருந்தும் ஒரு பக்கமாகப் புரண்டுவிட்டான். நெஞ்சின் மேல்பகுதியில் நடுவில் இருக்கும் நிழல் அகலமாகத் தெரிகிறது, வலது பக்கம் அதிகம், நிணநீர்க் கட்டியாகவோ வேறு கட்டியாகவோ இருக்கலாம், டி.பி., லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய சி.டி. எடுக்கவும் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை மயக்கம் கொடுத்து சி.டி. எடுக்க நாள் கொடுத்துவிட்டார்கள். சளி போய்விட்டது, நன்றாகப் பால் குடிக்கிறான், சிரிக்கிறான். தைமஸ் என்று ஒன்று பெரிதாக இருந்தாலும் இப்படித் தெரியும், ஸ்டீராய்டு கொடுத்தால் சுருங்கும் என்று கணவர் எங்கோ படித்திருக்கிறார். அவரோடு ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் டி.பி. என்று தெரிந்தது. மாமியார் உடனே ஊருக்குக் கிளம்பி வா என்கிறார். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. என்ற டி.பி. தடுப்பூசியால் இப்படி ஆகுமா? இது கேன்சரா? ராத்திரி தூக்கமே இல்லை.

பதில்:

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த நிழல் உங்கள் மகனின் தைமஸ் சுரப்பியாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. படத்தை நான் பார்க்கவில்லை, குழந்தையைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை, அதனால் இதுதான் என்று முத்திரை குத்த மாட்டேன். ஆனால் வியாழக்கிழமைக்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய இரண்டு மூன்று விஷயங்கள் இருக்கின்றன, அவற்றைக் கேட்டால் மயக்கமும் சி.டி.யும் தேவைப்படாமலே போகலாம். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள், கணவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

தைமஸ் என்பது நெஞ்செலும்புக்கு நேர் பின்னால், இதயத்தின் மேல் போர்த்தினாற்போல் இருக்கும் மிருதுவான சுரப்பி. எல்லோருக்கும் உண்டு, உங்களுக்கும் எனக்கும் இருந்தது, வயதாக ஆக அது கொழுப்பாக மாறிச் சுருங்கிவிடும். பிறக்கும்போது ஏறக்குறைய 15 கிராம் இருக்கும், பருவ வயதுவரை கொஞ்சம் கொஞ்சமாக வளரும். கேட்டால் சின்னதுதானே என்று தோன்றும், ஆனால் கைக்குழந்தையின் நெஞ்சு எவ்வளவு இருக்கிறது, உங்கள் உள்ளங்கை அளவு! உடம்போடு ஒப்பிட்டால் வாழ்நாளிலேயே தைமஸ் மிகப் பெரிதாக இருப்பது இந்த வயதில்தான். இரண்டு மூன்று வயதுவரை எக்ஸ்ரேயில் அது கண்ணுக்குத் தெரிவது சாதாரணம். வலது பக்கம் முக்கோணமாக நீட்டிக்கொண்டும் தெரியலாம். ஞாயிற்றுக்கிழமை டர்பன் துறைமுகப் பக்கம் போனால் பாய் விரித்த படகுகள் நிற்குமே, அந்தப் பாய் போலவே இருக்கும். மருத்துவப் புத்தகங்களிலும் அதற்குப் பாய் அடையாளம் என்றுதான் பெயர்.

அதன் வேலை என்ன என்று கேட்டால், நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகைக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் அது. டி அணுக்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த ‘டி’ தைமஸின் முதல் எழுத்துதான். எங்களுக்கு உண்மையில் கவலை வருவது, பச்சைக்குழந்தையின் படத்தில் தைமஸ் நிழலே இல்லாமல் போனால். பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தைகள் சிலருக்கு அப்படி இருக்கும். உங்கள் மகனிடம் இருப்பது தைமஸ்தான் என்று தெரிந்துவிட்டால் அது பெரிதாக இருப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்படுவேன்.

சரி, அப்படியானால் ரிப்போர்ட்டில் ஏன் அப்படி எழுதினார்கள்? எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கைக்கு வந்தது ஒரே ஒரு படம், கூடவே “இருமல்” என்று எழுதிய சீட்டு. குழந்தை எடை ஏறுகிறதா, பால் குடிக்கிறதா, சிரிக்கிறதா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அப்புறம் நாம் இருப்பது தென்னாப்பிரிக்காவில். உலகத்திலேயே டி.பி. அதிகமுள்ள நாடுகளில் ஒன்று. இங்கே கைக்குழந்தையின் நெஞ்சு நடுவில் அகலமான நிழலைப் பார்த்துவிட்டு டி.பி. என்ற வார்த்தையை எழுதாமல் விடும் ரேடியாலஜிஸ்டை நான்தான் திட்டுவேன். அவர் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். கட்டி இருக்கிறது என்று எழுதவில்லை, “இருக்கலாம்”, “இல்லை என்று உறுதிசெய்ய” என்றுதான் எழுதியிருக்கிறார். நடு ராத்திரியில் அம்மா மனசு “லாம்” என்பதை விட்டுவிட்டு “கட்டி” என்பதை மட்டும் படிக்கும், அது இயல்பு.

இப்போது படம் எடுத்த விதத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக உபயோகமான வரி அதுதான். படுக்கவைத்து, வீறிட்டு அழும்போது, ஒரு பக்கம் புரண்ட நிலையில் எடுத்த படம்! கத்தும்போது மூச்சு வெளியே போகிறது, நுரையீரல் சுருங்குகிறது, நடுவில் இருக்கும் இதயமும் தைமஸும் பரந்து அகலமாகத் தெரியும். மூச்சை இழுத்த நேரத்தில் எடுத்திருந்தால் அதே நிழல் ஒல்லியாகியிருக்கும். புரண்டால் இன்னும் மோசம், எந்தப் பக்கம் திரும்பினானோ அந்தப் பக்கம் தைமஸ் எட்டிப் பார்க்கும். படம் நேராக எடுக்கப்பட்டதா என்று பார்க்க, இரண்டு காறை எலும்புகளும் முதுகெலும்பிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்போம். இதை உங்கள் டாக்டர் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார், கேளுங்கள்.

அடுத்தது, பக்கவாட்டில் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன். நம் ஊர்ப் பழைய வீடுகளில் முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு என்று இருக்கும் அல்லவா, இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில் இருக்கும் இடமும் அப்படித்தான். முன்கட்டில் தைமஸ். நடுக்கட்டில் இதயம், மூச்சுக்குழாய், அதைச் சுற்றி நிணநீர் முடிச்சுகள், டி.பி. வந்தால் நெறி கட்டுவது பெரும்பாலும் இங்கேதான். பின்கட்டில் முதுகெலும்பை ஒட்டிய நரம்புகள், அங்கே சின்னக் குழந்தைகளுக்கு வரக்கூடிய கட்டி நியூரோபிளாஸ்டோமா. வாசலில் நின்று நேராகப் பார்த்தால் மூன்று கட்டும் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் தெரியும், முன்னால் எடுத்த எக்ஸ்ரே செய்வது அதைத்தான். பக்கத்துச் சந்திலிருந்து பார்த்தால் எது எந்தக் கட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். டி.பி. சந்தேகம் என்றால் குழந்தைக்கு இரண்டு படமும் எடுப்பது இங்கே வழக்கம்தான், அவசரத்தில் ஒன்றோடு விட்டிருக்கலாம்.

கட்டியா தைமஸா என்று படத்திலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கவும் முடியும். தைமஸ் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். விலா எலும்புகள் அழுத்துவதால் அதன் ஓரம் அலை அலையாக நெளியும். எதையும் நெருக்காது, மூச்சுக்குழாயைத் தள்ளாது. கட்டி அப்படி இருக்காது, அக்கம்பக்கத்தைத் தள்ளும், மூச்சுக்குழாயை வளைக்கும், நசுக்கும். ரிப்போர்ட்டில் மூச்சுக்குழாய் இடம் மாறியிருப்பதாக ஏதாவது இருக்கிறதா பாருங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் அல்ட்ராசவுண்ட். நான் உங்கள் மகனைப் பார்த்திருந்தால் சி.டி.க்கு முன்னால் கேட்டிருப்பது இதைத்தான். கர்ப்பமாக இருந்தபோது உங்களுக்கு எடுத்த அதே ஸ்கேன்தான். பெரியவர்களுக்கு நெஞ்செலும்பு மறைக்கும், கைக்குழந்தைக்கு அது பாதிக்கு மேல் குருத்தெலும்புதான், அதனால் ஜன்னல் திறந்து வைத்த மாதிரி உள்ளே தெரியும். கதிர்வீச்சு கிடையாது, மயக்கம் கிடையாது, உங்கள் மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டே எடுத்துவிடலாம், ஒரு கால்மணி நேர வேலை. தைமஸ் அதில் ஈரலைப் போன்ற சாம்பல் நிறத்தில், மேலே வெள்ளை ரவையைத் தூவிய மாதிரி தெரியும், ஒரு தடவை பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு எதுவோ என்ற குழப்பமே வராது. இதயம் துடிக்கும்போது அதோடு சேர்ந்து நெளியும். டி.பி. நெறி என்றால் கறுப்பாக, உருண்டையாக, பல முடிச்சுகளாக இருக்கும். நீர்க்கட்டி என்றால் உள்ளே நீர் தெரியும். ஆனால் ஒன்று, குழந்தைகளுக்கு நெஞ்சில் அல்ட்ராசவுண்ட் செய்து பழகிய கை வேண்டும், பெரியவர்களுக்கு வயிறு ஸ்கேன் மட்டும் எடுக்கிற இடத்தில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். குழந்தைகள் ரேடியாலஜி தெரிந்தவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) இருந்தால் சி.டி.க்கு அனுமதி வாங்குவதைவிட இதற்கு வாங்குவது சுலபம், செலவும் குறைவு.

சி.டி.யை நான் வில்லனாக்கவில்லை. தேவைப்பட்டால் எடுத்தே ஆக வேண்டும், அப்போது தயங்கக் கூடாது. ஆனால் அதன் கதிர்வீச்சு சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு, பச்சை உடம்புக்கு அது தேவையில்லாமல் போகக் கூடாது. மயக்கமும் விளையாட்டு இல்லை. நெஞ்சின் முன்பகுதியில் நிஜமாகவே பெரிய கட்டி இருக்கும் குழந்தையை மயக்கி மல்லாக்கப் படுக்கவைத்தால் அது மூச்சுக்குழாயின் மேல் உட்கார்ந்துவிடும் அபாயம் உண்டு, அதனால் அந்தச் சந்தேகம் இருப்பதை மயக்க மருந்து டாக்டருக்குக் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடைசியில் சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்தே ஆகவேண்டும் என்று முடிவானால், மயக்கம் இல்லாமல், வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, தூங்கும்போது எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இந்த வயதில் பல குழந்தைகளுக்கு அது நடக்கும். நம் பாட்டிகள் துணியில் சுற்றித் தூங்கவைத்த அதே வித்தைதான்.

இப்போது ஸ்டீராய்டு. உங்கள் கணவர் படித்தது பொய் இல்லை, ஸ்டீராய்டு கொடுத்தால் தைமஸ் சில நாளில் சுருங்கும். ஒரு காலத்தில் அதையே பரிசோதனையாகச் செய்தார்கள், கொடுத்துப் பார், சுருங்கினால் தைமஸ் என்று. சிக்கல் என்னவென்றால் லிம்போமாவும் ஸ்டீராய்டுக்குச் சுருங்கும். அப்படிச் சுருங்கிய பிறகு பயாப்சி எடுத்தால் என்ன நோய் என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகலாம். டி.பி. இருந்தாலோ ஸ்டீராய்டு அதைக் கிளறிவிடலாம். சுருக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றைச் சுருக்குவதற்காக இவ்வளவு ரிஸ்க் எதற்கு? யாராவது எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். சொல்லப்போனால், போன வாரக் காய்ச்சலிலேயே உங்கள் மகனின் தைமஸ் கொஞ்சம் சுருங்கியிருக்கலாம். நோய் வந்தால், அறுவைசிகிச்சை நடந்தால், உடம்புக்கு எந்தப் பெரிய சோதனை வந்தாலும் அது சுருங்கும், உடம்பு தேறியதும் திரும்ப வளரும், சில சமயம் முன்னைவிடப் பெரிதாகவே வளரும்.

இந்தச் சுருங்குவதில்தான் மருத்துவம் ஒரு பெரிய தப்புக் கணக்குப் போட்டது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய காலத்தில் உடற்கூறு படிப்பவர்களுக்கு அறுத்துப் பார்க்கக் கிடைத்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. பட்டினியிலும் நீண்ட நோயிலும் செத்தவர்கள், தைமஸ் வாடி வதங்கிப்போனவர்கள். அந்த வாடிய அளவையே சரியான அளவு என்று எழுதி வைத்தார்கள். அப்புறம், நன்றாக இருந்த குழந்தை தூக்கத்தில் திடீரென்று இறந்துபோய் அதை அறுத்துப் பார்த்தால் தைமஸ் பெரிதாக இருந்தது, இருக்கத்தானே செய்யும், அதுதான் நிஜமான அளவு! ஆனால் அவர்கள் தைமஸ்தான் மூச்சுக்குழாயை நெரித்துக் கொன்றுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். 1830இல் அதற்குத் தைமஸ் ஆஸ்துமா என்று பெயரே வைத்தார்கள். 1889இல் வியன்னாவில் பால்டாஃப் என்பவர் பெரிய தைமஸ் உள்ள உடம்பே பலவீனமான உடம்பு என்று இன்னொரு நீண்ட பெயர் கொடுத்தார். எக்ஸ்ரே வந்த பிறகு கேட்க வேண்டுமா, 1907இல் அமெரிக்காவில் ஒரு டாக்டர் குழந்தையின் தைமஸைக் கதிர்வீச்சால் சுருக்கிக் காட்டினார், அதற்கப்புறம் பல வருடங்களுக்கு ஆரோக்கியமான ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கழுத்திலும் நெஞ்சிலும் கதிர் பாய்ச்சினார்கள். 1950இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற இரண்டு டாக்டர்கள் தைராய்டு புற்றுநோய் வந்த 28 சிறுவர் சிறுமியரின் பழைய கதையைத் தோண்டினார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் குழந்தைப் பருவத்தில் தைமஸுக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்கள். தைமஸ் எதற்கு இருக்கிறது என்பதே 1961இல்தான், லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் குட்டி எலிகளிடமிருந்து அதை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்தபோதுதான் தெரிய வந்தது. அவ்வளவு காலம், என்ன வேலை செய்கிறது என்றே தெரியாத உறுப்பைப் பெரிதாக இருக்கிறது என்று சொல்லிச் சுட்டுக்கொண்டிருந்தோம்.

நானும் பெரிய யோக்கியம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழு மாதக் குழந்தை ஒன்றுக்கு அகலமான நிழலை மட்டும் பார்த்து டி.பி. மருந்து ஆரம்பித்தேன். இரண்டு மாதம் அந்த அம்மா மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊட்டினார், குழந்தை துப்பித் துப்பி வாந்தியெடுத்தது. லீவு முடிந்து வந்த என் சீனியர் பக்கவாட்டுப் படம் எங்கே என்று கேட்டார். இல்லை. எடுத்தோம். நிழல் முழுக்க முன்கட்டில் இருந்தது.

ஆனால் அந்தக் கதையைச் சொன்னால் இந்தக் கதையையும் சொல்லியாக வேண்டும். சில வருடம் கழித்து, வேறு இடத்தில், தைமஸ்தான், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிய மூன்று மாதக் குழந்தை ஒன்று தடுப்பூசிக்காக என்னிடம் வந்தது. கூட வந்த ஆயா (இங்கே நம் குடும்பங்களில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பேசாமல் இருந்துவிட்டு, கிளம்பும்போது, “டாக்டர், புள்ளைக்கு இடது கண்ணு மட்டும் சின்னதாத் தெரியுதே” என்றார். பார்த்தேன், இமை கொஞ்சம் தொங்கியிருந்தது, கண்மணியும் அந்தப் பக்கம் சின்னதாக இருந்தது. நெஞ்சின் மேல்பகுதியில் பின்பக்கம் ஓடும் ஒரு நரம்பு அழுத்தப்பட்டால் கண் அப்படி ஆகும். பின்கட்டில் நியூரோபிளாஸ்டோமா. அறுவைசிகிச்சை செய்து எடுத்தார்கள், குழந்தை நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது. தைமஸ் என்ற பெயரும் எதையும் போட்டு மூடுகிற துணி ஆகிவிடக் கூடாது. அதனால்தான் குழந்தையைப் பார்க்காமல் நான் முத்திரை குத்த மாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன்.

ஆகவே உங்கள் மகனைப் பாருங்கள், படத்தைவிட அவன் அதிகம் சொல்வான். மூச்சு இழுக்கும்போது ஊளைபோல ஒரு சத்தம் வருகிறதா, படுக்கவைத்தால் மூச்சு வாங்கி, நிமிர்த்தித் தூக்கினால் சரியாகிறதா, பால் குடிக்கும்போது நடுநடுவே நிறுத்தி மூச்சு முட்டுகிறதா. முகமோ கழுத்தோ வீங்கி, கழுத்து நரம்பு புடைத்துத் தெரிகிறதா. கண் இமை தொங்குகிறதா, கால்கள் முன்பு போல உதைக்காமல் துவண்டிருக்கிறதா, காரணமில்லாமல் உடம்பில் கன்றிய புள்ளிகள் வருகிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சலோ இருமலோ விடாமல் இருக்கிறதா, எடை ஏறாமல் நிற்கிறதா. இதில் மூச்சு, முகவீக்கம், கால் துவளுதல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி, வியாழக்கிழமைவரை காத்திருக்கக் கூடாது. நீங்கள் எழுதியதில் ஒன்றுகூட இல்லை. 3.1 கிலோ நாலரை மாதத்தில் 6.9 கிலோ ஆகியிருக்கிறது, பிறந்த எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல், இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? கேன்சரா என்று கேட்டீர்களே, லிம்போமா இந்த வயதில் வருவது மிக மிக அபூர்வம், அது பெரும்பாலும் பள்ளி வயதுக் குழந்தைகளின் நோய்.

டி.பி. விஷயத்தில் மட்டும் நான் இவ்வளவு நிதானமாக இருக்க மாட்டேன். உங்கள் கணவரோடு வண்டியில் போகிறவருக்கு டி.பி. என்று கடைசியில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள், அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். கிளினிக்கில் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் நாளைக்கே சொல்லுங்கள். ஜன்னல் மூடிய வண்டியில் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார் என்றால் கணவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், இருமல் இல்லாவிட்டாலும்கூட. அந்த ஆளிடமிருந்து நேராகக் குழந்தைக்கு வந்திருக்க வாய்ப்பு குறைவு, கணவருக்கு வந்து அவரிடமிருந்து வரலாம், அதனால் முதலில் அவர். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டி.பி. தொற்றினால் அது பெரியவர்களுக்குப் போல மெதுவாக நகராது, சீக்கிரமே மூளைக்கும் உடம்பு முழுக்கவும் பரவக்கூடும், அதனால்தான் இங்குள்ள டாக்டர்கள் பதறுகிறார்கள். கையில் மேன்டூ ஊசி போட்டுப் பார்ப்பார்கள், 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் பி.சி.ஜி. போட்டிருந்தாலும் அதைப் பொருட்படுத்துவார்கள். குழந்தைக்குச் சளி துப்பத் தெரியாது, விழுங்கிவிடும், ஆகவே விடியற்காலையில் வெறும் வயிற்றில் குழாய் விட்டு எடுத்தோ மலத்தை எடுத்தோ பரிசோதிப்பார்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும், சம்மதியுங்கள். கணவருக்கு டி.பி. இருந்து குழந்தைக்கு இல்லை என்று தெரிந்தால், வராமல் தடுக்க மருந்து உண்டு. தாய்ப்பாலை எதற்காகவும் நிறுத்த வேண்டாம்.

பி.சி.ஜி.யைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த ஊசியால் சில குழந்தைகளுக்கு ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டும், அது பெரும்பாலும் தானே அடங்கும். ஆரோக்கியமான குழந்தைக்கு நெஞ்சுக்குள் இப்படி நிழல் வர அது காரணம் ஆகாது. மனதிலிருந்து எடுத்துவிடுங்கள், போட்டது நல்லதுதான்.

மாமியாருக்கு என்ன சொல்வது? ஊரில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், சந்தேகமே இல்லை, ஆனால் பாதிப் பரிசோதனையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு விமானம் மாறிப் போவதில் என்ன லாபம்? போய் இறங்கியதும் அங்கேயும் முதலில் ஒரு எக்ஸ்ரேதான் எடுப்பார்கள். இங்கே டர்பனிலேயே வசதி இருக்கிறது, தேவைப்பட்டால் உங்கள் டாக்டர் இன்கோசி ஆல்பர்ட் லுதூலி மத்திய மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு எழுதி அனுப்புவார், நேராகப் போய் நிற்க முடியாது, சீட்டு வேண்டும். அத்தைக்குப் பேரனின் சிரிப்பை வீடியோ எடுத்து அனுப்புங்கள், கொஞ்சம் ஆறுவார். அதே போனில் அவன் தூங்கும்போது சட்டையைக் கழற்றி ஒரு நிமிடம் மூச்சு விடுவதையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் காட்டினால் நூறு வார்த்தை மிச்சம்.

நாளை காலை போன் செய்து பேசும்போது “சி.டி. வேண்டாம்” என்று ஆரம்பிக்காதீர்கள், யாருக்கும் அது பிடிக்காது. “இது தைமஸாக இருக்கலாமா டாக்டர், பக்கவாட்டுப் படமும் அல்ட்ராசவுண்டும் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா, அப்பாவோடு ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவருக்கு டி.பி. இருக்கிறது” என்று கேளுங்கள். அவர் குழந்தையைப் பார்த்தவர், நான் பார்க்காதவள். பார்த்துவிட்டும் சி.டி. வேண்டும் என்றால் காரணம் கேட்டுவிட்டு எடுங்கள்.

தைமஸ்தான் என்று முடிவானால் மருந்து கிடையாது, மாதாமாதம் எக்ஸ்ரே எடுத்துச் சுருங்குகிறதா என்று பார்க்கவும் வேண்டாம். ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். எடையும் தடுப்பூசியும் குறித்து வைக்கும் அவனுடைய ரோட் டு ஹெல்த் புத்தகத்தில், எடை குறிக்கும் பக்கத்துக்குப் பக்கத்திலேயே, தேதி போட்டு “அல்ட்ராசவுண்டில் பார்த்தது, தைமஸ்” என்று டாக்டரை எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். அடுத்த குளிர்காலத்தில் இவனுக்குத் திரும்பச் சளி பிடிக்கும், வேறு யாரோ ஒரு ஜூனியர் டாக்டர் எக்ஸ்ரே எடுப்பார், அதே பாய் அங்கே விரிந்து நிற்கும்.